நடு மூன்று கட்டங்கள்

வேலுத்தாய் ஓடிப்போன பதினாறாம் நாள் காலை, ஓடைக்கரை மில்லின் பெண்கள் விடுதிக் கூடத்துச் சுவரில் பஞ்சுத் தூசி ஓர் ஆங்கில வார்த்தையை எழுதியிருந்தது.

ஓடிப்போனாள் என்பது மில் ரிஜிஸ்டரின் பேச்சு. அவள் மூன்று நாள் காய்ச்சலோடு லீவு கேட்டு, கிடைக்காமல், இரண்டு ஷிஃப்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டு பஞ்சு கலக்கும் மிக்ஸிங் கூடத்துக் குவியலில் போய்ப் படுத்ததையும், விடிந்து தொட்டுப் பார்த்தபோது அவள் பாதம் மண்பானையின் அடிப்பாகம்போலச் சில்லிட்டிருந்ததையும், மேனேஜர் தண்டபாணி மில் வேனை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு என்று அவளை ஏற்றிக்கொண்டு போனதையும் விடுதியின் இருநூறு பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் வேன் காலியாகத் திரும்பி வந்தது. ரயில்வே கேட்டில் வண்டி நின்ற நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு எவனோடோ ஓடிவிட்டாள் என்றார் மேனேஜர். செத்தவள் எப்படி ஓடுவாள் என்று இருநூறு பேரில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. அந்த இருநூறு வாய்களும் கேட்காமல் விட்டதை ஒரே வரியாகத் திரட்டி, நல்ல ஆங்கிலத்தில், முற்றுப்புள்ளி தவறாமல் ரிஜிஸ்டரில் எழுதி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டவள் ஜெசிந்தா.

ஜெசிந்தா அந்த மில்லின் நலத்துறை அலுவலர். எம்.ஏ. ஆங்கிலம், கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பெண்ணுரிமைக்காக மேசையைத் தட்டிப் பேசிக் கோப்பை வாங்கியவள், வேலைக்கு வந்து எட்டு மாதம். யாருடைய நலம் என்று முதல் மாதம் கேட்டாள். இரண்டாம் மாதம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். இதை அவள்மேல் இரக்கப்படச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம்; கேள்வியை நிறுத்துவதற்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டுமே, அதற்காகத்தான்.

வேலுத்தாயின் அக்கா ராக்கம்மாவும் அதே மில்லில்தான் இருந்தாள். தங்கச்சியின் பாதத்தைக் கடைசியாகத் தொட்டவள் அவள். அவர்களுடைய அம்மா உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் இருந்தாள். அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு: செத்தவளுக்குத்தான் அழலாம், ஓடிப்போனவளுக்கு அழக் கூடாது. ஓடிப்போனவள் வீட்டில் ஒப்பாரி கேட்டால் ஊர் அந்த வீட்டு வாசல் மிதிக்காது. ஆகவே அந்த அம்மா மகள் பெயரைச் சொல்லி ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், மாரில் அடிக்காமல், பதினாறாம் நாள் காரியம் செய்யாமல், காட்டுக்குப் போய்க் களை எடுத்துக்கொண்டிருந்தாள். விடுதிக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆளுக்கு ஐந்து நிமிடம் போன் கொடுப்பார்கள். வார்டன் பகவதியம்மா பக்கத்தில் நின்று ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க. அந்த ஸ்பீக்கரில் அம்மா வாராவாரம் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"ராக்கு, நான் அழுகலாமா, வேணாமா?"

ராக்கம்மா வார்டன் முகத்தைப் பார்ப்பாள். "இன்னும் தெரியலம்மா" என்பாள். ஐந்து நிமிடம் முடியும் முன்பே வைத்துவிடுவாள்.

சுவரில் எழுதியிருந்தது 'ஹார்ட்' என்ற வார்த்தை. இதயம். ஆள் உயரத்துக்கு, ஐந்து எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்த மாதிரி நெருக்கி. மறுநாள் அதைத் துடைத்த இடத்தில் 'லேர்ன்', படித்துக்கொள் என்று. அதற்கு மறுநாள் 'டியர்ஸ்', கண்ணீர். மூன்றாம் வார்த்தையைப் பார்த்ததும் ஜெசிந்தா காலை டீயை டம்ளரோடு தரையில் வைத்துவிட்டாள். மூன்றிலும் நடுவில் இருந்தவை அதே மூன்று எழுத்துகள்: ஈ, ஏ, ஆர். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் மாறின. அந்த நடு மூன்றை அவள் எங்கே, யாருக்காக எழுதினாள் என்பது அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர ஒரே ஓர் ஆளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு மதியம் அதே விடுதிக் கூடத்தில் ஜெசிந்தா இங்கிலீஷ் வகுப்பு எடுப்பாள். பிள்ளைகள் முன்னேறுவதற்கு என்று போர்டில் எழுதியிருந்தாலும், வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மில்லைப் பார்க்க வரும் நாளுக்கான ஒத்திகை அது. கட்டம் போட்ட கரும்பலகை ஒன்று, வரிக்கு ஐந்து கட்டம், குழந்தைகள் விளையாட்டுப் புத்தகத்தைப் பார்த்து மேனேஜர் பெரிதாகச் செய்து வாங்கியது. ஐந்தெழுத்துக்கு மேல் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்பது அவர் உத்தரவு. "பாரும்மா, வாக்கியம் வந்துச்சுன்னா வாய் நீளும். வார்த்தை போதும்." அப்படியே ஹேப்பி, கிளீன், ஸ்மைல், ஃப்ரெஷ் என்று பிள்ளைகள் படித்தார்கள். வெள்ளைக்காரர் எது கேட்டாலும் இதில் ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வேண்டும். ஜெசிந்தாவுக்கு ஒரு பழக்கம்: நடு மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டு, முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுவாள். கண்டுபிடித்தவளுக்கு ஒரு மிட்டாய்.

காய்ச்சலின் முதல் நாள் வேலுத்தாய் கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கினாள்.

"டீச்சர், எனக்கு முடியல, ஓஞ்சு போயிட்டேன், இனி ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டேன்னு சொல்றதுக்கு அஞ்சு கட்டத்துக்குள்ள ஒரு வார்த்தை இருக்கா?"

"ஏன்டி, வெள்ளைக்காரங்ககிட்டப் போய்ச் சொல்லப் போறியா?" என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது.

"சொன்னா லீவு குடுப்பாகளான்னு பாக்கத்தான்" என்றாள் வேலுத்தாய். அவளும் சிரித்தாள்.

இருந்தது. சரியாக ஐந்து கட்டத்துக்குள் அடங்கும் ஒரு வார்த்தை இருந்தது. ஜெசிந்தா சாக்பீஸை எடுத்து நடு மூன்று கட்டங்களை நிரப்பினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. டஸ்டரை எடுத்து ஒரே இழுப்பில் அழித்துவிட்டு, "அப்படி ஒரு வார்த்தை இல்ல வேலு, உக்காரு" என்றாள். வேலுத்தாய் உட்கார்ந்தாள். ஆனால் அழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டோமோ என்று யோசிப்பவளைப்போல. மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

இப்போது அவள் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டுப் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று ஒவ்வொரு காலையும் ஒரு தவறான வார்த்தையைச் சுவரில் விட்டுவிட்டுப் போனாள். பிள்ளைகள் காலையில் எழுந்தபோது நாக்கில் பஞ்சு ஒட்டியிருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் ஓர் இருமல் வந்தது. அது யாருடைய இருமல் என்று எல்லாருக்கும் தெரியும். குழாயை மூடிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி திறப்பார்கள். கடைசி பெஞ்சில் அவள் இடத்தை விட்டு உட்கார்ந்தார்கள். யாரும் அலறவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும் அல்லவா.

ஆச்சரியத்தை என்ன செய்வது என்று ஊருக்குச் சொல்லித்தர வேண்டுமா. முதல் வாரமே கோயில் குருக்கள் வந்து விடுதிச் சுவரைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எழுத்தை எண்ணத் தெரிந்தவராதலால், ஐந்தெழுத்து என்றால் சிவனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி மில் வாசலில் சூடம் கொளுத்தினார். மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கரும்பலகை மாட்டி 'இன்றைய வார்த்தை' என்று எழுதிப் போட்டார்கள். வார்த்தையைப் பார்த்து ஊர் அன்றைய நாளை நடத்தத் தொடங்கியது. 'பெர்ல்', முத்து என்று வந்த நாளில் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளுக்கு முத்து என்றே பெயர் வைத்தார்கள். 'பியர்ட்', தாடி என்று வந்த நாளில் சலூன்காரருக்கு உட்கார நேரமில்லை. 'பேர்ஸ்', கரடிகள் என்று வந்தபோது நூறு மைலுக்குள் கரடியே இல்லாத அந்த ஊரில் ஆடு மேய்க்கப் போனவர்கள் மதியத்தோடு பட்டியை அடைத்தார்கள். போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று மாணவர்களை வரிசையாகக் கூட்டி வந்து சுவரைப் பார்த்து எழுத வைத்தது. பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளையின் உடம்பை விசாரிக்கும் முன்னால் வார்த்தையை விசாரித்தார்கள்.

வார்த்தையை என்ன செய்வது என்று இப்படி ஆயிரம் பேர் ஆயிரம் யோசனை வைத்திருந்தார்கள். எழுதுகிறவள் யார் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால், சாமி விஷயம் என்பார்கள், மில் விஷயம் என்பார்கள், பொம்பளைப் பிள்ளை விஷயம் என்பார்கள்; மூன்றும் ஒரே பூட்டுக்கு மூன்று சாவி.

மேனேஜர் தண்டபாணி முதலில் வெள்ளையடித்துப் பார்த்தார். வெள்ளைமேல் வெள்ளையாகப் பஞ்சு எழுதியது. பிறகு காற்றாடி வைத்துப் பார்த்தார். கடைசியில் அவர் சுபாவத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த மில்லில் தரையில் விழுந்த பஞ்சை வெளியே கொட்டுவது கிடையாது. கூட்டி, உதறி, மறுபடி மிக்ஸிங்கில் போட்டு நூலாக்கிவிடுவார்கள். அதுதான் அவர் தொழில் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

"எழுத்தா இருந்தா என்ன, இருமலா இருந்தா என்ன, பஞ்சு பஞ்சுதான்" என்றார். "கூட்டி மிக்ஸிங்ல போடுங்க."

கூட்டும் வேலையை ராக்கம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். வேறு யார் கையும் சுவரில் படவிடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, புண்ணில் ஒட்டிய துணியை எடுப்பதுபோல எடுத்து, முந்தானையில் வாங்கி, மிக்ஸிங் கூடத்தில் தங்கச்சி படுத்திருந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பாள். அங்கிருந்து அது பஞ்சை உதறும் ப்ளோரூமுக்குப் போயிற்று, சிக்கெடுக்கும் கார்டிங்குக்குப் போயிற்று, நூலாயிற்று, திருப்பூருக்குப் போய்த் துணியாயிற்று, சட்டையாயிற்று, கப்பல் ஏறிற்று.

ஒருநாள் ஜெசிந்தா சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தபோது ராக்கம்மா துடைப்பத்தோடு வந்தாள். அன்றைக்கு 'இயர்ஸ்', வருஷங்கள். இரண்டாம் முறையாக வந்திருந்தது. ஆரம்பத்தில் தினம் ஒன்று புதிதாக வந்துகொண்டிருந்தவை தீர்ந்துபோய், பழையவையே சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியிருந்தன.

"என்ன தேடுறா டீச்சர் அவ?" என்றாள் ராக்கம்மா.

ஜெசிந்தா அலுவலகத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குத் தெரியும். ஒங்க மூஞ்சியிலேயே இருக்கு. எனக்குத் தெரியாததெல்லாம் ரெண்டுதான். அவ என்ன தேடுறா, அவள எங்க போட்டீக."

"நான் போடல ராக்கு."

"நீங்க எழுத்துல போட்டீக. அவுக வேன்ல போட்டாக."

இதற்கு எதிர்வாதம் செய்ய ஜெசிந்தாவுக்குத் தெரியும். தனக்கு ஒரு வேலை தேவை என்பது, தான் எழுதாவிட்டால் வேறொருத்தி எழுதியிருப்பாள் என்பது, சின்னச் சின்ன நல்லதைச் செய்ய உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது. மேசையைத் தட்டிப் பேசினால் கோப்பைகூடக் கிடைக்கும். அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் பஞ்சு இருந்தது. துப்பிவிட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

வார்த்தைகள் வரத் தொடங்கி மூன்று மாதம் ஆனபோது வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். உயரமாக, நரைத்த தலையோடு, வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சிவந்த கழுத்தோடு. பையிலிருந்து குழந்தைச் சட்டை ஒன்றை எடுத்து, மேனேஜர் அறையில் இருந்த தண்ணீர்ச் சொம்பில் நனைத்து, மேசைமேல் விரித்தாள். ஈரம் பட்டதும் சட்டையின் உள்பக்கம் ஐந்து எழுத்துகள் மெல்லத் தெரிந்தன. அவள் ஊரில் குழந்தைகள் இதைச் சேகரிக்கிறார்களாம், ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்கிறார்களாம், இன்னும் கேட்கிறார்களாம். ஒரே ஒரு தொந்தரவு, போட்டுக்கொண்டு தூங்கும் குழந்தைகள் இருமுகிறார்கள். ஆனால் அது பருவநிலையாக இருக்கலாம். இந்த வேலையைச் செய்த கலைஞரைப் பார்க்க வேண்டும்.

அங்கேயும் அப்படித்தான், இருமலை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் முகம் வெயில் பட்ட வெண்கலம்போல ஆயிற்று. "கலைஞர்தானே, இருக்காங்க மேடம்" என்று எழுந்தார். நடந்துகொண்டே ஜெசிந்தாவின் காதில் சொன்னார்: "கூட்டுற பிள்ளைய நிறுத்தும்மா. அது வாயே திறக்காது. திறந்தாலும் ஹேப்பிதான் தெரியும். மிச்சத்த நீ அழகாச் சொல்லிரு."

பதினெட்டு நிறையாத பிள்ளைகளை அன்று காலையே டூர் என்று பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் புதுத் தொப்பியும் முகமூடியுமாக விடுதிக் கூடத்தில் வரிசை கட்டி நின்றார்கள். சுவரில் அன்றைய வார்த்தை இருந்தது: 'ஹேர்ட்', காதில் விழுந்தது என்று. ராக்கம்மா அதன் கீழே நின்றாள்.

வெளிநாட்டு அம்மாள் குனிந்து, சிரித்து, கேட்டாள். ஜெசிந்தா தமிழில் சொன்னாள்: "இது எப்படி வருது, இதைச் செய்யும்போது உனக்கு எப்படி இருக்குன்னு கேக்குறாங்க."

"ஹேப்பி சொல்லு பிள்ள" என்றாள் பகவதியம்மா பின்னாலிருந்து.

ராக்கம்மா முகமூடியைக் கழற்றினாள். அவசரமே இல்லாமல் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு, வெளிநாட்டு அம்மாளைப் பார்க்காமல், ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னாள்:

"எந்தங்கச்சி ஓடிப்போகல. காய்ச்சல்ல லீவு கேட்டா, குடுக்கல. பஞ்சுமேல படுத்து செத்துப்போனா. இந்தா நிக்கிறாரே, இவருதான் வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாரு. எங்க போட்டாருன்னு சொல்லச் சொல்லுங்க. எங்கம்மா இன்னும் அழுகல."

வெளிநாட்டு அம்மாள் சிரிப்பைக் கலைக்காமல் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். மேனேஜரும் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். அவருடைய கை விரல்கள் மட்டும், சொல்லு, சொல்லு என்பதுபோல தொடையில் தட்டின. இருநூறில் மிச்சமிருந்த நூற்றைம்பது பிள்ளைகள் தொப்பிக்குக் கீழிருந்து ஜெசிந்தாவின் வாயைப் பார்த்தார்கள். ராக்கம்மா சொன்னதை உலகத்தில் அப்போது ஹேப்பி என்று மாற்றவும், மாற்றாமல் இருக்கவும் கூடிய ஒரே வாய் அது.

ஜெசிந்தா சுவருக்குப் போனாள். முதல் எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழித்தாள். கடைசி எழுத்தையும் அழித்தாள். நடு மூன்று நின்றது. அன்றைக்கு டஸ்டரால் அழித்த அதே மூன்று. சுவரின் ஓரத்தில் தேங்கியிருந்த பஞ்சைக் கிள்ளி, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு எழுத்துகளை ஒட்டினாள். பஞ்சு அவள் விரலை ஒரு கணம் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டது.

"வியரி" என்று படித்தாள். பிறகு தமிழில், கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள்: "ஓஞ்சு போயிட்டேன்னு அர்த்தம். இருந்துச்சு வேலு. நான் இல்லைன்னு பொய் சொன்னேன்."

பிறகு வெளிநாட்டு அம்மாளிடம் திரும்பி, ராக்கம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. ரிஜிஸ்டரில் எழுதியது நான், அது பொய், அதில் இருக்கும் கையெழுத்து என்னுடையது என்றும் சொன்னாள். ஐந்து கட்டத்துக்குள் அடங்காத நீளமான வாக்கியங்கள்; மேனேஜர் "போதும்மா, போதும்" என்று குறுக்கே வரவர அவை இன்னும் நீண்டன. அவள் பேசி முடித்தபோது கூடத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. யாரோ சுமையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்வதுபோல. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விட்டது அவர்களில் யாரும் இல்லை.

வெளிநாட்டு அம்மாள் கையில் இருந்த ஈரச் சட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தாள். அவள் நல்லவளா என்று கேட்காதீர்கள். தன் கம்பெனி பெயர் கெடுமே என்றுதான் எழுதியிருப்பாள், ஆனால் கேட்டதை அறிக்கையில் எழுதினாள். மேலிடத்திலிருந்து போன் வந்தது. வேன் டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் முதல் கேள்விக்கே அழுதுவிட்டார். மூன்றாம் நாள் அதிகாரிகள் வந்து ஓடைக்கரையில், சீமைக் கருவேல மரங்களுக்குப் பின்னால், பழைய பஞ்சு மூட்டைகள் கிடந்த பள்ளத்தில் தோண்டினார்கள். அவள் பஞ்சுக்குள்தான் இருந்தாள்.

மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் வெளியே வந்து வேறொரு மில்லில் சேர்ந்தார். ஜெசிந்தாவின் வேலை அன்றே போயிற்று. பொய்க் கையெழுத்துக்கான வழக்கு அவள்மேல் இன்னும் நடக்கிறது. நடக்கட்டும் என்கிறாள். மில் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு ஓடுகிறது.

சுவர் மறுநாளிலிருந்து வெறுமையாக இருந்தது. டீக்கடையிலிருந்து ஆள் வந்து, கரும்பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டான். பயிற்சி நிலையத்துக்காரர் கோபப்பட்டார். குருக்கள் தோஷம் என்றார். ராக்கம்மா துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து, "அவளுக்குக் கெடச்சிருச்சு, இனி வராது, போங்க" என்றாள். துடைப்பத்தில் ஒரு நூல்கூட ஒட்டியிருக்கவில்லை.

தோண்டி எடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவள் முறை வந்தபோது பகவதியம்மா போனைக் கொடுத்துவிட்டு, முதல் முறையாக, ஸ்பீக்கரை அணைக்கப் போனாள். ராக்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா. எல்லாரும் கேக்கட்டும்."

மணி அடித்தது. எடுத்தாள் அம்மா. பின்னால் காற்று, ஓர் ஆடு கத்தும் சத்தம். வழக்கமான கேள்வியைக் கேட்க அவள் மூச்சு எடுப்பது கேட்டது. ராக்கம்மா முந்திக்கொண்டாள்.

"அம்மா, நம்ம வேலு ஓடிப்போகல. செத்துப்போனா. அதிகாரிக எழுத்துல எழுதிக் குடுத்துட்டாக. நீ இனி அழுகலாம்."

பிறகு அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து, மூன்றரை மாதமாகக் களைக்கொட்டின் கீழே அமுக்கி வைத்திருந்தது, என் மகளே என்று கிளம்பியது. பகவதியம்மா ஐந்து நிமிடம் ஆனதும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஷிஃப்டு மணி அடித்தது, ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. முதலில் கடைசி பெஞ்சில் வேலுத்தாயின் பக்கத்து இடத்துக்காரி, பிறகு அவளுக்கு அடுத்தவள், பிறகு வரிசை வரிசையாக, மாரில் கை வைத்து அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டார்கள். வாய்களில் பஞ்சு இல்லை.